பல் மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் விண்ணப்பம்: மதிப்பெண்ணுக்கு அப்புறம் வரும் கேள்விகள்

ஜூலை பிறந்தால் எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்களிலிருந்து போன் வரும். "அக்கா, பொண்ணு ஜூன் மாசமே அப்ளிகேஷன் போட்டுட்டா. டி.ஏ.டி. நுழைவுத் தேர்வு மார்க்கும் நல்லா இருக்கு. இப்போ காலேஜ்ல இருந்து மறுபடியும் கட்டுரை கேக்குறாங்க, தனியா பணமும் கட்டச் சொல்றாங்க. இது எதுக்கு?" அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கு விண்ணப்பித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் கோடை முழுக்க இந்தக் கேள்வி ஓடும். செகண்டரி என்றும் சப்ளிமென்டல் என்றும் அழைக்கப்படும் இந்த இரண்டாம் விண்ணப்பத்தைச் சம்பிரதாயமாக நினைத்து, கடைசி நாள் இரவில் நிரப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மதிப்பெண் இருந்தும் நேர்முகத் தேர்வுக்கே அழைப்பு வராமல் தவித்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒருவராகவே இருந்தார்கள்.

முதல் விண்ணப்பத்தைப் புரிந்துகொண்டால்தான் இரண்டாவது எதற்கு என்பது விளங்கும். அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கம் நடத்தும் பொது விண்ணப்பச் சேவை ஒன்று இருக்கிறது. ஏ.ஏ.டி.எஸ்.ஏ.எஸ். என்பது பெயர், பிள்ளைகள் வாயில் அது 'ஆட்சாஸ்'. மே மாதம் திறக்கும், ஜூன் தொடக்கத்தில் சமர்ப்பிக்கலாம். கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடமும் அதில் ஏற வேண்டும். ஒரு பாடத்தில் தவறி மறுபடி எடுத்திருந்தால் இரண்டு மதிப்பெண்ணும் கணக்கில் சேரும், பழையது மறையாது. அப்புறம் டி.ஏ.டி. தேர்வு. 2025 மார்ச் வரை 1 முதல் 30 என்ற அளவில் இருந்தது, இப்போது 200 முதல் 600. கூடவே பரிந்துரைக் கடிதங்கள், பல் மருத்துவரின் பக்கத்தில் நின்று பார்த்த மணிக்கணக்கு, தொண்டு வேலை, ஆய்வு. கடைசியாக, 'ஏன் பல் மருத்துவம்' என்று ஒரு கட்டுரை, இடைவெளியையும் சேர்த்து 4,500 எழுத்துக்குள். டெக்சாஸில் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்று தனி வாசல் உண்டு. அங்கே எத்தனை கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே கட்டணம்.

ஆட்சாஸில் எழுதும் அந்த 4,500 எழுத்துக் கட்டுரை, தேர்ந்தெடுத்த எல்லாக் கல்லூரிக்கும் அப்படியே போகும். அதனால் அதில் எந்தக் கல்லூரியின் பெயரையும் சொல்ல முடியாது. எந்த ஊருக்குப் போக ஆசை, எந்த மாதிரி பயிற்சி வேண்டும் என்று எதையும் குறிப்பாக எழுத முடியாது. எல்லாருக்கும் பொதுவாக எழுதிய கடிதம் அது.

கல்லூரியின் பக்கம் நின்று பாருங்கள். அமெரிக்காவில் இப்போது 70-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆண்டுக்கு 11,000 முதல் 12,000 பேர் வரை விண்ணப்பிக்கிறார்கள், முதலாண்டில் சேர்வோர் 6,000-க்கு மேல். கேட்டால் இரண்டு பேருக்கு ஓர் இடம் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொருவரும் பத்துப் பன்னிரண்டு கல்லூரிக்குப் போடுகிறார்கள். எண்பது, நூறு இடம் வைத்திருக்கும் ஒரு கல்லூரியின் மேசையில் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் விழுகின்றன. அவற்றில் யார் உண்மையிலேயே இங்கே வர நினைக்கிறார், யார் பட்டியலை நீட்டுவதற்காக ஒரு பெட்டியில் டிக் போட்டார் என்று பொது விண்ணப்பத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டாம் விண்ணப்பம் பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

எம்.டி. படிப்புக்கு, அதாவது இங்கே மருத்துவராவதற்கான அடிப்படைப் படிப்புக்கு, விண்ணப்பித்த அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால், அந்த அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பார்கள். அது சரியாக வராது. மருத்துவக் கல்லூரிகளில் ஏறக்குறைய எல்லாமே தனியாகச் செகண்டரி அனுப்பும். பல் மருத்துவத்தில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சில இடங்களில் தனி விண்ணப்பமே கிடையாது. சில இடங்களில் கட்டணம் மட்டும் கட்டி ஒரு சிறு படிவம் நிரப்பினால் போதும். இன்னும் சில, தங்கள் கேள்விகளை ஆட்சாஸுக்குள்ளேயே அந்தக் கல்லூரிக்கான பகுதியில் வைத்துவிடும். அதைக் கவனிக்காமல், 'எனக்கு இன்னும் செகண்டரி வரலையே' என்று மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். மற்றவை தங்கள் சொந்தத் தளத்தில் நான்கைந்து கட்டுரை கேட்கும். ஆக, முதல் வேலை ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் திறந்து எது எங்கே, எப்போது, எவ்வளவு என்று குறித்துவைப்பது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். செகண்டரி வந்துவிட்டது என்றால் முதல் சுற்றில் தேறிவிட்டோம் என்று வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். சில கல்லூரிகள் மதிப்பெண்ணைப் பார்த்து வடிகட்டிய பிறகு அனுப்புவது உண்மை. ஆனால் நிறையக் கல்லூரிகள் விண்ணப்பித்த அனைவரிடமும் கேட்கின்றன. கேள்வி வந்ததால் தேர்வாகிவிட்டோம் என்று அர்த்தமில்லை. பதில் போகாவிட்டால் பல கல்லூரிகளில் அந்தக் கோப்பு முழுமையடையாது, யாரும் எடுத்துப் படிக்கவும் மாட்டார்கள்.

கேட்கப்படும் கேள்விகளில் மையமானது ஒன்றுதான்: எங்கள் கல்லூரி ஏன்? இதற்குப் பத்தில் எட்டுப் பிள்ளைகள் ஒரே பதிலை எழுதுகிறார்கள். அதிநவீன வசதிகள், புகழ்பெற்ற பேராசிரியர்கள், பன்முகச் சமூகம். கல்லூரியின் பெயரை மாற்றினால் அந்தப் பத்தி எந்த ஊருக்கும் பொருந்தும். பொருந்துகிறது என்றால் அது பதில் இல்லை.

உண்மையில் இந்தக் கல்லூரிகள் ஒன்றைப் போல ஒன்று இல்லவே இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் பசிபிக் பல்கலைக்கழகத்தின் கல்லூரியில் வழக்கமான நான்காண்டுப் படிப்பை மூன்றே ஆண்டில் முடிக்கிறார்கள். அந்த வேகத்தை ஏன் விரும்புகிறாய், உன்னால் தாங்க முடியுமா என்பதற்கு அங்கே பதில் வேண்டும். ஹார்வர்டில் வகுப்பு மிகச் சிறியது, முப்பத்தைந்து பேர் அளவில். தொடக்கத்தில் மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். வாயை உடம்பிலிருந்து பிரிக்காமல் பார்க்கும் ஆர்வம் இல்லாத பிள்ளைக்கு அது பொருந்தாது. கிழக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் கல்லூரி நார்த் கரோலினா மாநிலத்தவரை மட்டுமே சேர்க்கிறது. அந்த மாநிலத்தின் சிற்றூர்ப் பகுதிகளில் பல் மருத்துவர்கள் இல்லாத குறையைத் தீர்ப்பதற்காகவே தொடங்கப்பட்டது அது. மாணவர்கள் கடைசி ஆண்டில் மாநிலம் எங்கும் உள்ள சேவை மையங்களுக்குப் போய் வேலை செய்கிறார்கள். கலிபோர்னியாவின் லோமா லிண்டா கிறித்தவத் திருச்சபை ஒன்றைச் சேர்ந்த கல்வி நிலையம். மது, புகையிலை இல்லாத வாழ்க்கை ஒழுங்கை மாணவர்களிடம் எதிர்பார்க்கிறது. மாநில அரசுக் கல்லூரிகள் வெளிமாநிலப் பிள்ளைகளிடம், இந்த மாநிலத்தோடு உனக்கு என்ன உறவு என்று கேட்பதும் இதே காரணத்தால்தான். வரிப்பணத்தில் படித்துவிட்டு வேறு ஊருக்குப் பறந்துவிடுவாயா என்று மரியாதையாகக் கேட்கிறார்கள்.

போன வருடம் ஒரு பெண் தன் வரைவை அனுப்பினாள். சமூகத்துக்கு நீ செய்தது என்ன, அதிலிருந்து கற்றது என்ன என்பது கேள்வி. அவள் எழுதியிருந்தது: "ஒரு இலவசப் பல் முகாமில் 40 மணி நேரம் தொண்டு செய்தேன். ஏழைகளுக்குச் சேவை செய்வதன் மகிழ்ச்சியை உணர்ந்தேன்." நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: "அந்த முகாம்ல உன் கண்ணு முன்னாடி நடந்தது ஒண்ணைச் சொல்லும்மா."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். வார இறுதியில், பள்ளி விளையாட்டரங்கில் நாற்காலிகள் போட்டு நடக்கும் முகாம் அது. காரிலேயே இரவு தூங்கிவிட்டு விடிகாலையில் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. கூட்டம் அதிகம் என்பதால் அன்று ஒருவருக்கு ஒரு சிகிச்சைதான். இவளுக்கு வரவேற்பு மேசையில் வேலை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி, கன்னம் லேசாக வீங்கியிருந்தது. மேல் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. எதைச் செய்யட்டும் என்று இவள் கேட்டபோது அவர் முன்பல்லைக் காட்டினார். வீக்கம்தான் அவசரம் என்று மருத்துவர் எடுத்துச் சொன்ன பிறகும் தயங்கினார். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு வேலைக்கான நேர்காணல் இருந்தது. கடைசியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, உடைந்த முன்பல்லோடு போனார்.

"இதை ஏன் எழுதலை?" என்றேன். "இதுல நான் ஒண்ணும் பண்ணலையே ஆன்ட்டி" என்றாள்.

நம் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். தாங்கள் சாதித்ததை எழுத வேண்டும் என்றே பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். பார்த்ததை, புரியாமல் தவித்ததை எழுதலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. செகண்டரிக்குக் கிடைப்பது 1,000, 1,500, 2,000 எழுத்துகள். அதற்குள் இந்த மனிதர் ஒருவரே போதும். மணிக்கணக்கும் பட்டியலும் ஏற்கெனவே ஆட்சாஸில் இருக்கின்றன, அவற்றை மறுபடி எழுதுவது இடத்துக்குக் கேடு.

பின்னணி பற்றிய கேள்விகளுக்கு 2023-க்குப் பிறகு கனம் கூடிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 29 அன்று ஹார்வர்ட், நார்த் கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சேர்க்கையில் இனத்தை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது முடிவு. ஆனால் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு கதவைத் திறந்தே வைத்தார். இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவரே எழுதினால், அது அவருடைய துணிவையோ திறமையையோ காட்டும் அளவில், கல்லூரி அதைக் கருத்தில் கொள்ளலாம். தடுக்கப்பட்டதைக் கட்டுரை வழியாகப் பின்வாசலில் கொண்டுவரக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே உண்டு. படிவத்தில் ஒரு பெட்டியில் குறித்தால் போதும் என்றிருந்த விஷயத்தை இப்போது வாக்கியங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் படித்த எனக்கு இது உறைக்கும். அங்கே நீட் தரவரிசை, இடஒதுக்கீடு, கலந்தாய்வு. அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறிய பிள்ளைக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாகவே வந்தது. குடும்பம் பட்ட கஷ்டத்தை அந்தப் பிள்ளை யாருக்கும் கதையாகச் சொல்ல வேண்டியதில்லை, சான்றிதழ் பேசும். இங்கே அந்தச் சட்டம் செய்யும் வேலையை ஒரு பதினேழு வரிக் கட்டுரை செய்ய வேண்டியிருக்கிறது. எழுதத் தெரிந்தவர், எழுதித் திருத்திக்கொடுக்க ஆள் இருப்பவர் முந்திக்கொள்கிறார். ஒரே அறையில் நான்கு பேரோடு வளர்ந்து, கல்லூரிக் காலம் முழுக்கக் கடையில் வேலை பார்த்த பிள்ளைக்குத் தன் வாழ்க்கை ஒரு செய்தி என்றே தோன்றுவதில்லை. இந்த முறையில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான்.

இங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் பின்னணியை எழுதும்போது, பள்ளிக்கு எடுத்துப்போன சாப்பாட்டைப் பார்த்துச் சக மாணவர்கள் முகம் சுளித்த கதை நிறைய வருகிறது. வலி உண்மைதான். ஆனால் அதே பிள்ளை, ஊரிலிருந்து வந்த பாட்டியைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போய், 'கூசுது' என்பதற்கும் 'குத்துது' என்பதற்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல் தேடியிருக்கும். மருத்துவராகப் போகிறவர் எழுத வேண்டிய பின்னணி அங்கே இருக்கிறது.

மதிப்பெண் குறைந்த பருவத்தைப் பற்றி விளக்கவும் சில கல்லூரிகள் இடம் தருகின்றன. இதற்கு நான்கு வரி போதும்: என்ன நடந்தது, அப்புறம் என்ன மாற்றினேன், அடுத்த பருவத்தில் என்ன ஆனது. பேராசிரியரைக் குறை சொல்லக் கூடாது. மறுபடி விண்ணப்பிப்பவர்களிடம், போன முறைக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் அந்த ஒரு வருடத்தில்தான் இருக்க வேண்டும், சொல்நயத்தில் இருந்து பயனில்லை.

காலமும் பணமும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரும்பாலான கல்லூரிகள் வர வரப் படித்து, வர வர நேர்முகத் தேர்வுக்கு அழைக்கின்றன. முதல் சேர்க்கை அறிவிப்பு டிசம்பரில்தான் என்று கல்லூரிகளுக்குள் ஒரு பொது ஏற்பாடு இருந்தாலும், அழைப்புகள் கோடையிலேயே தொடங்கிவிடும். செகண்டரியை இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புங்கள் என்று எல்லாரும் சொல்வது இதனால்தான். நியாயமான அறிவுரை. ஆனால் ஒரே வாரத்தில் ஆறு கல்லூரியின் கேள்விகள் வந்து விழும்போது, அந்த இரண்டு வாரம் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு வேறு, போகாத பிள்ளைக்கு வேறு. கேள்விகள் வருடா வருடம் பெரிதாக மாறுவதில்லை. மே மாதமே பழைய கேள்விகளை வைத்து எழுதிப் பழகுவதுதான் இதற்கு மருந்து.

பணத்தைக் கூட்டிப் பார்ப்போம். ஆட்சாஸில் முதல் கல்லூரிக்கு 260 டாலர் அளவில், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 115 டாலர் அளவில் என்று வைத்தால், 12 கல்லூரிக்கு 1,500 டாலரைத் தாண்டும். டி.ஏ.டி. தேர்வுக்கு 500-க்கு மேல். இதற்கு மேல் செகண்டரி கட்டணம் கல்லூரிக்கு 50, 75, 100 என்று வரும். படித்து முடிக்கும்போது கடன் வாங்கியவர்களின் சராசரிக் கடன் 3 லட்சம் டாலரை ஒட்டி நிற்கும் படிப்பு இது. அதன் வாசலிலேயே இவ்வளவு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஆட்சாஸ் கட்டண உதவி தருகிறது. அது கிடைத்தவர்களுக்குச் சில கல்லூரிகள் செகண்டரி கட்டணத்தையும் தள்ளுபடி செய்கின்றன. ஆனால் அதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கேளுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கட்டுரை ஒன்றும் கேட்காமல் கட்டணம் மட்டும் வாங்கும் வழக்கத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஊரில் பி.டி.எஸ். முடித்துவிட்டு இங்கே வருபவர்களுக்குப் பாதை வேறு, ஆனால் இந்தக் கட்டம் அவர்களுக்கும் உண்டு. கேப்பிட் என்ற பொது விண்ணப்பம், ஐ.என்.பி.டி.இ. என்ற அமெரிக்கத் தேசியப் பல் மருத்துவத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, அப்புறம் பல கல்லூரிகளில் கையால் செய்துகாட்டும் பெஞ்ச் தேர்வு. தேர்வானால் இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் படிப்பு. நானும் அந்த வழியாக வந்தவள்தான். முதல் முறை ஒரு கல்லூரியின் துணை விண்ணப்பத்தில், சரியாக அமையாத ஒரு சிகிச்சையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். தப்பை ஒப்புக்கொண்டால் கதை முடிந்தது என்ற பயம் எனக்கு. சின்னச் சிக்கல் ஒன்றைச் சொல்லி, அதையும் அழகாகச் சமாளித்ததாக எழுதினேன். அழைப்பு வரவில்லை. அடுத்த வருடம் உண்மையை எழுதினேன்: ஹவுஸ் சர்ஜன் காலத்தில் கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்கும்போது வேர் நுனி உடைந்தது, அரை மணி நேரம் நானே தோண்டிப் பார்த்தேன், பேராசிரியரைக் கூப்பிட்டிருக்க வேண்டியது முதல் ஐந்து நிமிடத்திலேயே. அந்த அம்மாவின் தாடை மறுநாள் வீங்கியிருந்ததையும் எழுதினேன். அந்த வருடம் அழைத்தார்கள். கட்டுரை ஒன்றாலேயே அழைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் எதற்குக் கேட்டார்கள் என்பது இரண்டாவது முறை எழுதும்போதுதான் எனக்குப் புரிந்தது.

செகண்டரியின் இன்னொரு பயன் நேர்முகத் தேர்வு அன்று தெரியும். நிறைய இடங்களில் எதிரே உட்காரும் பேராசிரியர் கையில் இருப்பது அதுதான். சில கல்லூரிகளில் மதிப்பெண்களை அவரிடம் காட்டுவதே இல்லை.

முகாம் பற்றி எழுதிய அந்தப் பெண்ணுக்கு அக்டோபரில் ஒரு நேர்முகத் தேர்வு. முடிந்த அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, உட்கார்ந்த உடனே அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த மனுஷனோட முன்பல் அப்புறம் என்ன ஆச்சுன்னு."

"என்ன சொன்ன?"

"தெரியலைன்னு சொன்னேன். அவரைத் தேடிப் பிடிக்க எங்ககிட்ட ஒரு வழியும் இல்லைன்னு சொன்னேன்."

பெரியவர்களின் பல் சிகிச்சைக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் பணம் தருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும், முகாம் முடிந்ததும் நோயாளியின் சீட்டு எங்கே போகிறது என்பதையும் பற்றி இரண்டு பேரும் இருபது நிமிடம் பேசியிருக்கிறார்கள். டி.ஏ.டி. மார்க்கைப் பற்றி அவர் கேட்கவே இல்லையாம்.